தேவதைக் கதைகளின் இருட்டுப் பக்கம்: புதுச்சேரி மாடி நூலகத்தில் ஓர் அலமாரி

கடந்த ஆறு மாதங்களாக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை நானும் என் அண்ணன் மகளும் ஒரு புத்தக அலமாரிக்காகவே ஒதுக்கிவைத்திருக்கிறோம். மஞ்சக்குப்பத்தில் காலையில் பேருந்து ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கடந்து ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி போய்விடலாம். அங்கே மிஷன் வீதியிலிருந்து கிழக்கே பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், பழைய வீட்டின் மாடியில் ஒரு வாடகை நூலகம் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். விளம்பரம் வேண்டாம் என்பவர் ஆகையால் அவர் பெயரையும் கதவு எண்ணையும் நான் எழுதவில்லை. கீழே உள்ள தையற்கடையில் 'மாடிப் புத்தகம்' என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். அங்குள்ள ஐந்து தட்டு அலமாரி ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்புரை. பழைய தேவதைக் கதைகளை எடுத்துக்கொண்டு, பதின்வயதினருக்காக இருண்ட நாவல்களாக மறுபடி எழுதப்பட்ட புத்தகங்கள் மட்டும் அதில் இருக்கின்றன.

இவ்வளவு தூரம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் மகளுக்கு வயது பதினைந்து. அவளுடைய வகுப்பில் நான்கைந்து பெண்கள் இந்த வகை நாவல்களைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு அவளுடைய பிறந்தநாளுக்கு அப்படி ஒன்றை இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்தேன். அட்டை பளபளவென்று வந்தது. உள்ளே தாள் கண்ணாடி மாதிரி, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. இருநூறு பக்கம் தாண்டியதும், பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு பாரம் முழுவதும் காணோம். அதற்குப் பதிலாக முந்தைய பாரமே இரண்டாம் முறை தைக்கப்பட்டிருந்தது. கதாநாயகி கதவைத் திறக்கக் கை வைத்த இடத்திலிருந்து பதினாறு பக்கம் பின்னோக்கிப் போய் மறுபடியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். திருட்டு அச்சு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் அந்தப் பெண் இரண்டு வாரம் தவித்ததைப் பார்த்த பிறகு, நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துத்தான் இந்த மாடியைக் கண்டுபிடித்தேன்.

முன்பணம் ஐந்நூறு ரூபாய். உறுப்பினர் விலகும்போது திருப்பித் தருகிறார்கள். ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து நாளைக்கு நாற்பது ரூபாய் வாடகை. ஒரே நேரத்தில் இரண்டு எடுக்கலாம். எல்லாப் பிரதிகளும் பதிப்பாளருடைய அசல் பிரதிகள், கெட்டி நெகிழித்தாள் உறை போட்டவை. முதுகுப்புறம் விட்டுப்போன இரண்டு மூன்று புத்தகங்களை ஐயா தாமே காடாத் துணி ஒட்டிச் சரிசெய்திருக்கிறார். உட்கார்ந்து படிக்க இரண்டு பிரம்பு நாற்காலியும் ஒரு பெஞ்சும் உண்டு. மின்விசிறி ஒன்றுதான், ஏப்ரல், மே மாதங்களில் மாடி கொதிக்கும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். இந்த விவரங்களை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே அளவு வசதி வேறு இடத்திலும் கிடைக்கக்கூடும். வேறெங்கும் நான் பார்க்காத ஒன்று அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

கீழ்த்தட்டு முழுவதும் சிறு சிறு பிரசுரங்கள். பள்ளி நோட்டை விடக் கொஞ்சம் சின்ன அளவு, காக்கி அட்டை, நடுவில் இரண்டு பின். மேல்தட்டுகளில் எந்தெந்தப் பழங்கதையின் மறுபுனைவு இருக்கிறதோ, அந்தந்தக் கதையின் பழைய வடிவத்தை ஐயா தமிழில் பெயர்த்து, தட்டச்சு செய்து, இப்படிப் பிரசுரமாக வைத்திருக்கிறார். நாவலை எடுப்பவர்களுக்கு அதன் மூலக் கதைப் பிரசுரமும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. அதற்குத் தனி வாடகை இல்லை. ஒரே நிபந்தனை, பிரசுரத்தை முதலில் படிக்க வேண்டும். நான் முதன்முதலாகப் போன அன்று, "பாட்டி யாருன்னு தெரியாம பேத்தியோட பேசினா பாதிதான் புரியும்மா" என்று சொல்லியபடி என் கையில் ஒன்றைத் திணித்தார். பிரெஞ்சும் தமிழும் முப்பது வருடம் கற்பித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரெஞ்சுக் கதைகளை அவர் மூலத்திலிருந்தே பெயர்த்திருக்கிறார். ஷார்ல் பெரோ தம் கதைத் தொகுப்பை வெளியிட்டது 1697-இல். டச்சுக்காரர்கள் 1693-இல் பிடித்துக்கொண்ட புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று ரிஸ்விக் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே 1697-இல்தான். சிண்டரெல்லா பிரசுரத்தின் முதல் பக்கத்தில் இந்த ஒரு செய்தியை மட்டும் ஐயா குறித்திருக்கிறார். கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பெரோவின் கையிலிருந்து வந்தவை. அவருடைய சிண்டரெல்லா தன்னைக் கொடுமைப்படுத்திய சகோதரிகளை மன்னித்து, அரண்மனையில் பிரபுக்களுக்கே மணமுடித்து வைக்கிறாள். அவருடைய சிவப்புக் குல்லாய்ச் சிறுமியையோ ஓநாய் தின்றுவிடுகிறது. கதை அங்கேயே முடிகிறது. வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் வெளியே எடுக்கும் வேட்டைக்காரன், பின்னால் ஜெர்மானியக் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான் வருகிறான். நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை அந்த இரண்டாவது.

கிரிம் சகோதரர்களின் பிரசுரங்கள்தாம் இந்தத் தட்டின் சிறப்பு என்பேன். அவர்களுடைய தொகுப்பின் முதல் பாகம் 1812-இல் வந்தது, இரண்டாம் பாகம் 1815-இல். அதன்பின் 1857-இல் வந்த ஏழாம் பதிப்பு வரை அந்தக் கதைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தன. வெண்பனியாள் (ஸ்னோ ஒயிட்) கதையில் மகளின் அழகைப் பொறுக்காமல் கொல்லச் சொல்பவள் 1812 பதிப்பில் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். கோபுரத்தில் அடைக்கப்பட்ட ரபுன்சல், தன் உடுப்பு ஏன் இப்படி இறுகுகிறது என்று வெள்ளந்தியாகக் கேட்பதிலிருந்துதான் அவள் கருவுற்றிருப்பது முதல் பதிப்பில் வெளிப்படுகிறது. அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் எடுக்கப்பட்டுவிட்டது. குழந்தைகள் படிக்கும் புத்தகம் என்று நினைத்து இப்படி நீக்கியவர்கள், கொடுமையை நீக்கவில்லை. காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு சாகும்வரை ஆட வேண்டிய வெண்பனியாள் கதை அரசி கடைசிப் பதிப்புவரை ஆடுகிறாள். சிண்டரெல்லாவின் சகோதரிகள் ஒருத்தி கட்டைவிரலையும் மற்றவள் குதிகாலையும் வெட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைக்கிறார்கள். அவர்களுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் காட்சி பிற்பாடு சேர்க்கப்பட்டதே. வெண்பனியாள் பிரசுரத்தில் ஐயா இரண்டு பதிப்புகளையும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எதிரெதிரே வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் 'அம்மா' என்று வரும் இடமெல்லாம் வலப்பக்கத்தில் 'சிற்றன்னை'. அந்தப் பக்கங்களை என் அண்ணன் மகள் பேருந்திலேயே மூன்று முறை புரட்டினாள். அன்று அரியாங்குப்பம் தாண்டும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

பதின்வயதினருக்கான நாவல்கள் இவ்வளவு இருட்டாக இருக்கலாமா என்று கவலைப்படுகிற பெற்றோர்கள் பலரை எனக்குத் தெரியும். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த நாவலாசிரியர்கள் பளிச்சென்றிருந்த கதைகளில் இருட்டைக் கொண்டுவந்து பூசுகிறார்கள் என்ற எண்ணம் சரியில்லை என்பதை இந்தக் கீழ்த்தட்டு கண்முன் காட்டிவிடுகிறது. இருட்டு தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதுதான் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறது. ஆகவே ஒரு மறுபுனைவை எடைபோட நான் கைக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அந்த இருட்டில் அந்தப் பெண்ணின் கண் திறந்திருக்கிறதா? அவள் பார்த்து, புரிந்துகொண்டு, ஒரு முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தால் புத்தகம் தன் வேலையைச் செய்கிறது. வெறும் சூழலுக்காகப் போட்ட பனிமூட்டமும் ரத்தமுமாக இருந்தால், அட்டைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியில் மூடிவைத்துவிடலாம்.

இந்தக் கேள்விக்கு நன்றாக நின்ற நாவல் எரின் ஏ. கிரெய்க் எழுதி 2019-இல் வெளிவந்த 'ஹவுஸ் ஆஃப் சால்ட் அண்ட் சாரோஸ்'. இதற்கு மூலம், இரவில் ஆடி ஆடிச் செருப்புத் தேய்ந்துபோகும் பன்னிரண்டு இளவரசிகளைப் பற்றிய கிரிம் கதை. பூட்டிய அறையில் படுக்கும் பெண்களின் செருப்பு காலையில் கிழிந்திருக்கிறது. ரகசியத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு ஓர் இளவரசியும் அரசும். மூன்று இரவில் கண்டுபிடிக்காவிட்டால் தலை போகும். வயதான, காயம்பட்ட படைவீரன் ஒருவன், இளவரசிகள் கொடுக்கும் மதுவைக் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, மாயப் போர்வையில் மறைந்து அவர்கள் பின்னாலேயே போகிறான். வெள்ளி மரம், பொன் மரம், வைர மரம் என்று மூன்றிலும் ஒவ்வொரு கிளையை ஒடித்துச் சாட்சியாக எடுத்துவருகிறான். பிரசுரத்தில் அந்தப் படைவீரனை ஐயா 'சொல்தா' என்றே எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லால் கதை முழுவதும் ஏதோ உப்பளம் பக்கத்துத் திண்ணையில் நடப்பதுபோல் ஆகிவிட்டது. அகராதிப்படி 'போர்வீரன்' என்று போட்டிருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது.

பழங்கதையில் இளவரசிகளுக்கு என்ன நேர்ந்தது, ஏன் ஆடினார்கள், விரும்பித்தான் ஆடினார்களா என்று யாரும் கேட்பதில்லை. நமக்குக் கதை சொல்பவன், போர்வைக்குள் மறைந்து பின்தொடரும் ஆண். நாவலில் கதையைச் சொல்பவள் அந்தச் சகோதரிகளில் ஒருத்தியான அன்னலீ. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். நான்காவது சகோதரியின் இறுதிச் சடங்கில்தான் நாவல் தொடங்குகிறது. அவர்கள் வாழ்வது தீவுகளில். இறந்தவர்களைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கும் மக்கள் அவர்கள். மிச்சமிருக்கும் எட்டுப் பேரில் யார் அடுத்தவள் என்ற பயம், நள்ளிரவு நடனத்தின் மயக்கம், வீட்டுக்கு வந்திருக்கும் இளம் மாற்றாந்தாய் என்று மூன்று இழைகளையும் ஆசிரியர் இறுக்கமாகப் பின்னுகிறார். தன் கண்ணால் பார்ப்பதையே நம்பலாமா என்ற ஐயம் அன்னலீயைப் பிடித்தபின் வரும் நூறு பக்கங்களை இரவில் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம் என்று உண்மையாகவே சொல்கிறேன். கடைசிப் பகுதியில் தெய்வங்களும் ஒப்பந்தங்களும் நெரிசலாக வந்து சேர்கின்றன. அங்கே கொஞ்சம் அவசரம் தெரிகிறது. ஆனாலும் அன்னலீயின் கண் ஒரு பக்கத்தில்கூட மூடவில்லை.

இதைக் கடலூரில் படிப்பது ஒரு தனி அனுபவம். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் நடந்ததை நேரில் கண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் அண்ணன் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள்; சில்வர் பீச் அவளுக்கு மாலையில் சுண்டல் சாப்பிடும் இடம். நாவலில் கடலுக்கு உடலைக் கொடுக்கும் முதல் அத்தியாயத்தைப் படித்த இரவு, "அத்தை, சுனாமியில போனவங்கள எல்லாம் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை, நாங்களாகவும் சொன்னதில்லை. அன்று இரவு அவளிடம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு புத்தகத்துக்கு நான் கொடுக்கக்கூடிய மதிப்பெண் இதற்கு மேல் கிடையாது.

பிரசுரங்களின் கடைசி இரண்டு பக்கங்கள் வெற்றுத்தாள். படித்தவர்கள் எதையாவது எழுதலாம் என்று விட்டிருக்கிறார். பன்னிரண்டு இளவரசிகள் கதையின் முடிவில், எந்த இளவரசி வேண்டும் என்று அரசன் கேட்க, தனக்கு வயதாகிவிட்டது, மூத்தவளையே கொடுங்கள் என்கிறான் சொல்தா. அந்தப் பிரசுரத்தின் வெற்றுப் பக்கத்தில் பச்சை மையில் சாய்ந்த எழுத்தில் ஒருவர், "மூத்தவளிடம் யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே பென்சிலில் வேறொரு கை: "தோற்றுப்போனவர்களின் தலை வெட்டப்பட்டபோது மூத்தவளும் சும்மாதான் இருந்தாள்." இன்னும் கீழே, என் அண்ணன் மகளின் உருண்டை எழுத்து: "இரண்டும் உண்மை." அவள் அதை எழுதினது எனக்குத் தெரியாது. பிரசுரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஐயாதான் காட்டினார்.

கேலின் பெய்ரன் என்பவர் எழுதிய 'சிண்டரெல்லா இஸ் டெட்' 2020-இல் வந்தது. சிண்டரெல்லா இறந்து இருநூறு ஆண்டுகள் ஆன நாட்டில், அவளுடைய கதையே சட்டமாகிவிட்டது. அரண்மனை ஏற்றுக்கொண்ட வடிவத்தைப் பெண்கள் மனப்பாடம் செய்ய வேண்டும், குறித்த வயதில் நடனவிழாவுக்குப் போய் நிற்க வேண்டும், ஆண்கள் தேர்ந்தெடுப்பார்கள். பதினாறு வயது சோஃபியா அதை மறுத்து ஓடுகிறாள். அவள் விரும்புவது தன் தோழியை என்பதால், அந்த விழாவில் அவளுக்கு இடமே இல்லை. எழுத்தின் நயத்தில் இது முந்தைய நாவலுக்கு ஒரு படி கீழேதான். உரையாடல்கள் பல இடங்களில் பிரசங்கமாகின்றன, வில்லன் எதற்காக வில்லன் என்பது கடைசிவரை மெலிவாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கதையை அதிகாரம் எப்படித் தனக்கேற்பத் திருத்தி எல்லோர் வாயிலும் ஊட்டும் என்பதை, கிரிம் பதிப்புகளை எதிரெதிரே வைத்துப் படித்த ஒரு பெண் இந்த நாவலில் உடனே பிடித்துக்கொள்கிறாள். பஜ்ஜி சொஜ்ஜியோடு பெண் பார்க்க வந்து போகும் வழக்கத்தை அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, வரிசையில் நிற்கும் அந்தப் பெண்களைப் புரிந்துகொள்ள விளக்கம் எதுவும் தேவைப்படாது.

மரிஸ்ஸா மேயரின் 'சிண்டர்' 2012-இல் வந்த நாவல். பாதி மனிதப் பெண், பாதி இயந்திரம். செருப்புக்குப் பதிலாகப் பாதமே கழன்று படியில் கிடக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. இருட்டு குறைவு.

இனி, இந்த நூலகத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை. மூன்றாவது மாதத்தில் 'சிண்டர்' இருந்த அதே தட்டில், அதற்குப் பக்கத்திலேயே, எலானா கே. அர்னால்ட் எழுதிய 'டாம்சல்' இருந்தது. 2018-இல் வந்த அந்த நாவலுக்கு அமெரிக்காவில் இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதின் 2019-ஆம் ஆண்டு சிறப்புத் தேர்வு கிடைத்தது. டிராகனைக் கொன்று பெண்ணை மீட்டு வரும் இளவரசன். மீட்கப்பட்ட ஆமா என்ற அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் நடந்த எதுவும் நினைவில்லை. அவள் அவனை மணக்க வேண்டும், நன்றியோடு இருக்க வேண்டும். என் அண்ணன் மகள் அட்டையைப் பார்த்து அதை எடுத்தாள். வழக்கம்போல் பேருந்தில் நான் முதல் சில அத்தியாயங்களைப் புரட்டினேன். வீடு சேர்வதற்குள் புத்தகத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். மீட்டவன் என்ற பெயரில் அந்த இளவரசன் அவளுடைய உடலின்மேல் எடுத்துக்கொள்ளும் உரிமை, பாலியல் வன்முறை, ஒரு விலங்கைப் பழக்குவதுபோல் ஒரு பெண்ணைப் பழக்குவது என்று ஒவ்வொன்றும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. முழுவதையும் நான் படித்தேன். வலிமையான நாவல், ஆமாவின் கண் மெல்ல மெல்லத் திறப்பதுதான் அதன் முழுக் கதையும். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு பெண் அதைப் படித்தால் நல்லது என்றே நினைக்கிறேன். பதினைந்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பன்னிரண்டு வயதுக்குரிய புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அல்ல.

அடுத்த ஞாயிறு இதை ஐயாவிடம் சொன்னேன். முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தப் புத்தகத்தையும் யாரிடமிருந்தும் ஒளிக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. கிரிம் சகோதரர்கள் வெட்டியதைத் தேடித் தேடி ஒட்டிக்கொண்டிருப்பவர் வேறு என்ன சொல்வார்? நான் அவருக்கு கி. ராஜநாராயணனை நினைவுபடுத்தினேன். இதே புதுச்சேரியில் வாழ்ந்து, பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி, 2021 மே மாதம் இங்கேயே மறைந்தவர் கி.ரா. கிராமத்து மனிதர்கள் சொன்ன பாலியல் கதைகளை அவர் குப்பையில் போடவில்லை, மழுப்பவும் இல்லை. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிலேயே சொல்லித் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். கதை முழுதாகவும் இருந்தது, யாருக்கு என்ற தகவலும் அட்டையிலேயே இருந்தது. ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கி.ரா.வைக் கொண்டுவந்து நிறுத்திட்டா நான் என்னம்மா பண்றது" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அலமாரி மாறியிருந்தது. புத்தகங்களின் முதுகில் மூன்று நிறத் துணி நாடா ஒட்டியிருந்தது. உள்ளட்டையில் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியில் கையெழுத்துக் குறிப்பு: எந்தப் பழங்கதை, என்ன மாதிரி வன்முறை, எந்த வயதிலிருந்து, பெரியவர்கள் கூடப் படிக்க வேண்டுமா. 'டாம்சல்' மேல்தட்டுக்குப் போயிருந்தது. அதன் குறிப்பில், "இதை எடுக்கும் பெண் பின்னால் யாரிடமாவது பேச விரும்பினால் நூலகத்துக்கு வரலாம், என் மனைவி இருப்பார்" என்று எழுதியிருக்கிறார். உறுப்பினர் சொன்ன ஒரு குறையை இத்தனை அக்கறையோடு எடுத்துக்கொண்ட இடத்தை நான் அண்மையில் பார்க்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ நூற்றைம்பது புத்தகங்களில் இன்னும் பாதிக்குக் குறிப்பு எழுதப்படவில்லை. அதுவரை குறிப்பில்லாத நாவலைப் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

மற்றக் குறைகள் சிறியவை. பிற்பகல் ஒரு மணிக்கு மூடினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். புதுச்சேரிக் கடைகளின் பழைய வழக்கம், வெளியூரிலிருந்து வருபவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும். ஞாயிறன்று காந்தி வீதிச் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும். பிரசுரங்களின் தட்டச்சில் ஒற்றுப்பிழைகள் கணிசமாக உண்டு. 'நீலத்தாடி' பிரசுரத்தில் ஒரு பத்தி இரண்டு முறை வருகிறது. தாமதமாகத் திருப்பினால் நாளுக்கு ஐந்து ரூபாய், அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை கெடிலத்தில் வெள்ளம் வந்து பேருந்து வராமல் மூன்று நாள் தாமதமானதற்கும் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பெரிதாகப் படுகிற போதாமை ஒன்று உண்டு. அதற்கு நூலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஐந்து தட்டிலும் தமிழில் எழுதப்பட்ட ஒரு நாவல்கூட இல்லை. பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போன நல்லதங்காளை அண்ணி மூளி அலங்காரி வரவேற்ற விதத்தையும், அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதித்ததையும் என் பாட்டி எனக்கு ஏழு வயதில் சொன்னாள். சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். கிரிம் கதைகள் எதற்கும் குறைந்த இருட்டு இல்லை அது. அந்தக் கிணற்றடியில் நிற்கும் மூத்த பிள்ளையின் கண்ணால், அல்லது மூளி அலங்காரிக்கு ஒரு மகள் இருந்தால் அவளுடைய கண்ணால், பதினைந்து வயதுப் பெண் படிக்கும்படி அந்தக் கதையைத் தமிழில் முந்நூறு பக்க நாவலாக யாராவது எழுதினால், கடலூரிலிருந்து நடந்தே போய் வாங்கிவருவேன்.

போன முறை இதை ஐயாவிடம் சொன்னபோது, எழுதினவர்கள் யாரும் இல்லையென்றால் பாட்டியையாவது வைப்போம் என்றார். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை பழைய பிரதி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, அட்டை போய், மூலைகள் கரையான் தின்று. வருகிற ஞாயிறு அதை எடுத்துப் போகிறோம். கீழ்த்தட்டில் அதற்காக நான்கு விரற்கடை இடம் ஒதுக்கி, காக்கி அட்டையில் பெயரும் எழுதி வைத்துவிட்டார். அதற்கு நேர் மேலே, நாவல் வைக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.